வெளிச்சத்தை மறைத்தவள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதுவது. நான் சுகம். நீயும் அத்தானும் என் சுண்டுவும் சுகம்தானே? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேலை நிரந்தரமாகிவிட்டது. இனிமேல் நான் குகைக்கோயில் வாசலில் நின்று, "சார், கைடு வேணுமா" என்று பஸ் பின்னால் ஓடுகிறவள் இல்லை. அலுவலகமே சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற வழிகாட்டி. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை தந்திருக்கிறார்கள். அதைக் குத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பார்த்தேன், சிரிக்காதே. குடியிருப்பில் இரண்டு அறை உள்ள வீடும் கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் மலை மூக்கில் வந்து இடிக்கும். தெருக்கோடியிலேயே பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியையைப் பார்த்துப் பேசிவிட்டேன், சுண்டுவுக்கு ஆறாம் வகுப்பில் இடம் இருக்கிறதாம்.

அவர் ஓட்டிய பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்து அவர் போய்ச் சேர்ந்தபோது சுண்டுவுக்கு மூன்று வயது. "நீ உன் கால்ல நிக்கிற வரைக்கும் பிள்ளை என்கிட்ட இருக்கட்டும்டி, என் மடியும் காலியாத்தானே கெடக்கு" என்று நீதான் தூக்கிக்கொண்டு போனாய். நீ இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கே பட்டினி. அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். நடுவில் ஒரு முறை பார்க்க வந்தேன். நான் திரும்பிப் போனதும் அவள் அழுது அழுது காய்ச்சலில் விழுந்துவிட்டாள், இனி வராதே என்றாய். அவள் நல்லதுக்குத்தானே என்று கேட்டுக்கொண்டேன். பிறகு அத்தானுக்கு மாற்றல் ஆயிற்று. உங்கள் புது வீடு எந்தத் தெருவில் என்றுகூட எனக்குத் தெரியாது, அத்தான் ஆபீசுக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் கால்களில் நின்றுவிட்டேன் அக்கா. கோடை விடுமுறையில் அவளைக் கூட்டி வந்து விட்டுவிடு. அதற்கு முன்னால் ஒரு ஃபோட்டோ அனுப்பு. எட்டு வருஷமாகக் கேட்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். சுண்டுவுக்கு ஆயிரம் முத்தம்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 26

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள், வெயிலில் அலைகிறவள். எனக்கு முழங்கால் போய் இப்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

வேலை நிரந்தரமானது சந்தோஷம். வில்லை குத்திக்கொண்டு வெயிலில் தொண்டை கிழியக் கத்துகிற வேலையில் நிரந்தரம் என்ன, தற்காலிகம் என்ன என்று அத்தான் கேட்டார். அவர் குணம் உனக்குத் தெரியும், மனசில் வைத்துக்கொள்ளாதே.

பாப்பாவுக்குப் பரீட்சை நெருங்குகிறது. வகுப்பில் நடுவில் நிற்கிறாள். படிப்பில் கவனம் போதவில்லை, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் குறை சொல்கிறார். இந்த நேரத்தில் அவளை அலைக்கழிக்க வேண்டாம். ஃபோட்டோ எடுக்கிற ஸ்டூடியோ மூடிக் கிடக்கிறது.

ஒரு விஷயம். இனி எழுதும்போது அவளை சுண்டு என்று எழுதாதே. இங்கே யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. எலிக்குஞ்சுக்கு வைக்கிற பேர் மாதிரி இருக்கிறது.

உன் அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் இடுப்பு சீக்கிரம் குணமாகட்டும். ஒவ்வொரு தடவை நான் பிள்ளையைக் கேட்கும்போதும் உனக்கு ஒரு மூட்டு பிடித்துக்கொள்கிறது. அடுத்து எது, கழுத்தா?

கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வாய் நீளம் என்று உனக்குத்தான் தெரியுமே. நாள் முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டினால் வேறெப்படி இருக்கும்? நேற்று ஒருவர் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சிமெண்டுதானே?" என்றார். இன்னொரு அம்மாள் இரண்டாயிரம் படி ஏறி வந்த மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, "உள்ள ஃபேன் இல்லையா?" என்கிறாள். ஒருவன் சாவியால் தூணில் காதலி பேரைக் கீறிக்கொண்டிருந்தான். காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

என் வேலையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு, கேள். உள் குகையில் சுவரெல்லாம் பழைய சாயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்விளக்கு போட்டால் அது உதிர்ந்துவிடும் என்று தடை. அதனால் வாசலில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்புவோம். உள்ளே ஒருவர் கைக்கண்ணாடியால் அந்த வெளிச்சத்தை வாங்கி எந்தச் சிலை மேல் வேண்டுமோ அந்தச் சிலை மேல் போடுவார். கூட்டத்தில் பிள்ளைகள் வந்தால் அந்தக் கைக்கண்ணாடியை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுவேன். அது எங்கே காட்டுகிறதோ அந்தச் சிலையின் கதையைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்த நேரம் அந்தப் பிள்ளைதான் ராஜா. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் சுண்டுவைத்தான் நிறுத்திப் பார்க்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என்னைப் பற்றி அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்?

உன் தங்கச்சி


ஏப்ரல் 29

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவள் பள்ளியில் சேரும்போது அம்மா பேர் என்ன என்று கேட்டார்கள், என் பேரைக் கொடுத்தேன். அவளும் என்னைத்தான் அம்மா என்கிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாக வந்தது. காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுப்பவள் நான். தலை வாருகிறவள் நான். எனக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டு ஃபோனை ஓடிப்போய் எடுப்பது அவள்தான், அதனால்தான் உனக்கு நம்பர் தரவில்லை.

சந்தோஷமாக இருக்கிற பிள்ளையைப் பிடித்து உலுக்காதே. கோடை விடுமுறையில் நாங்கள் அத்தானின் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மே 4

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் பற்றி எரிகிறது.

பார்த்துக்கொள் என்றுதான் கொடுத்தேன். எடுத்துக்கொள் என்று கொடுக்கவில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே என்னை அழித்துவிட்டு அந்த இடத்தில் நீ உட்கார்ந்துகொண்டாய். அதைக் கூசாமல் எழுதவும் செய்கிறாய்.

இரண்டு மாதத்தில் எனக்குப் பதில் வேண்டும். இல்லையென்றால் அத்தான் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கதை சொல்லுவேன். கதை சொல்வதுதான் என் தொழில், தெரியுமல்லவா? கூட்டம் சேர்க்க எனக்குத் தெரியும்.

அத்தானிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

தங்கச்சி


ஜூலை 2

என் அன்புத் தங்கச்சிக்கு,

நீ சொன்ன இரண்டு மாதம் முடிவதற்குள் எழுதிவிட்டேன், பார். சுகமாக இருக்கிறாயா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தைப் படித்து அத்தான் கத்தினார். நான்தான் சமாதானம் சொன்னேன். பெற்ற வயிறு அப்படித்தான் பேசும், அவளும் பாவம்தானே என்றேன்.

வழி தானாகவே வந்திருக்கிறது. பாப்பாவின் பள்ளியில் பழங்கால இடங்களைப் பார்க்கச் சுற்றுலா கூட்டிப் போகிறார்கள். செப்டம்பர் இருபதாம் தேதி உங்கள் குகைக்கோயிலுக்குத்தான் வருகிறார்கள். முதலில் அனுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு, நீ கண்ணாலாவது பார்க்கட்டும் என்று பணம் கட்டிவிட்டேன்.

ஆனால் நீ யார் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வழிகாட்டியாக நின்று பார், பேசு, அவ்வளவுதான். அவளுக்கு உன்னைப் பிடித்துப்போனால், டிசம்பர் விடுமுறையில் நானே பக்குவமாக எல்லாவற்றையும் சொல்லி அழைத்து வருகிறேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே சீருடையில் இருப்பார்கள். பாப்பாவுக்கு நான் பின்னிய கடுகு நிற சுவெட்டர் போட்டு அனுப்புகிறேன். ஆனாலும் உனக்கு அடையாளம் எதற்கு? பெற்றவளுக்குத் தெரியாதா!

உன் அக்கா


ஜூலை 6

என் அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். உன் காலில் விழுகிறேன். போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன், அதைக் கிழித்துப் போட்டுவிடு. அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லு.

ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சத்தியம். பார்த்தால் போதும்.

தலைகால் புரியவில்லை எனக்கு. அன்றைக்கு முறை எனக்கு இல்லை, வேறொரு கைடுக்கு. அவன் காலைப் பிடித்து மாற்றி வாங்கிவிட்டேன். டிக்கெட் கொடுக்கிறவள், "என்ன, பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேலி செய்கிறாள். ஆமாம் என்றேன். கைக்கண்ணாடியைச் சுண்டு கையில்தான் கொடுக்கப்போகிறேன். மழை மட்டும் வந்துவிடக் கூடாது, வெயில் இல்லாவிட்டால் எதுவும் தெரியாது.

உன் இடுப்பு வலிக்குப் புதுத் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கச்சி


செப்டம்பர் 22

என் உயிர் அக்காவுக்கு,

நான் சுகமோ சுகம். நீயும் அத்தானும் நூறு வயது நல்லா இருக்க வேண்டும்.

பார்த்துவிட்டேன் அக்கா. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கடுகு நிறம் பளிச்சென்று தெரிந்தது. தெரியாவிட்டாலும் கண்டுபிடித்திருப்பேன். என் மூக்கு, அவர் நெற்றி. நடக்கும்போது நம் அம்மா மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள், கவனித்திருக்கிறாயா? என்ன அடக்கம், என்ன மரியாதை! நீ வளர்த்த வளர்ப்பு. கோபத்தில் உன்னை என்னவெல்லாம் எழுதிவிட்டேன்!

கைக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். பிஞ்சு விரலைப் பிடித்து, "இப்பிடிச் சாய்ச்சுப் பிடி கண்ணு" என்று சொல்லிக் கொடுத்தேன். நேராக நடனமாடுகிற பெண் சிலை மேல் வெளிச்சத்தைப் போட்டாள். அந்தச் சிலையின் கதையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நீட்டிச் சொன்னேன். அவள் தலையைத் தடவுகிற சாக்கில் காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தைத் தேடினேன். காணவில்லை. வளர வளர மங்கிப் போகும் என்று டிக்கெட்காரி சொன்னாள்.

ஒரே ஒரு கரைச்சல். கூட்டத்தில் ஒரு வாலு. ஒல்லிக்குச்சி, கேள்விக்கென்றே பிறந்தது. சும்மா நிற்கிறதா? ஓடி ஓடிப் போய்ச் சிலையில் மூக்கு உரசுகிற மாதிரி நின்றுகொள்கிறது. என் சுண்டு வெளிச்சம் போடும்போதெல்லாம் அது குறுக்கே வந்து மறைக்கிறது. சிலைக்குப் பதில் அதன் பின்மண்டைதான் தெரிகிறது. "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. கடைசியில் பொறுக்காமல், "வெளிச்சத்துல வந்து வந்து நிக்கிறியே, உன்னைப் பாக்கவா எல்லாரும் டிக்கெட் வாங்கிட்டு வந்திருக்காங்க?" என்றேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அப்போதும் அடங்கவில்லை. "இவ்ளோ இருட்டுல எப்பிடிச் செதுக்கினாங்க?" என்று திரும்பத் திரும்ப நச்சரித்தது. எனக்கிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான், அதையும் இது தின்றுகொண்டிருந்தால்? "இதைப் பெத்தவ யாரோ, நல்லா வளத்திருக்கா" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம்தான் நிம்மதி.

புறப்படுகிறபோது எல்லாரும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டோம். சுண்டுவை என் பக்கத்தில் நிறுத்தி அணைத்துக்கொண்டேன். பிரதி வாங்கி ஜன்னல் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இனி உன்னிடம் ஃபோட்டோ கேட்டு நச்சரிக்கமாட்டேன்.

என்னைப் பற்றி என்ன சொன்னாள்? பிடித்திருக்கிறது என்றாளா? உடனே எழுது.

உன் தங்கச்சி


நவம்பர் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உன்னை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. கடுகு நிற சுவெட்டர் போட்டிருந்தது பாப்பா இல்லை. அடுத்த தெரு மளிகைக்கடைக்காரர் மகள். பஸ் ஏற்றும்போது பாப்பாவிடமிருந்து கழற்றி நான்தான் அந்தப் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். வீட்டிலிருந்து புறப்படும்போதே அப்படித்தான் நினைத்திருந்தேன், பொய் சொல்லமாட்டேன். என் பிள்ளை என் பிள்ளை என்று ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவேன் என்றாயே, உன் பிள்ளை யார் என்று உனக்குத் தெரிகிறதா பார்க்கலாம் என்று தோன்றியது. என்னுடைய பயம் உனக்கு எங்கே தெரியும்? அன்று அவள் வீடு திரும்புகிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வாசலிலேயே நின்றேன். நீ அடையாளம் கண்டுபிடித்திருந்தால் நானே அனுப்பியிருப்பேன். சத்தியமாக அனுப்பியிருப்பேன்.

இதைப் பெத்தவ யாரோ என்று கேட்டாயாமே. நீதான்டி.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என் மடியில் படுத்து, "அந்த கைடுக்கு என்னைக் கண்டாலே புடிக்கலம்மா" என்றாள். நான் உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு அந்த ஊருக்குப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தேன், அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். கட்டாயப்படுத்தி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஃபோட்டோவைக் கழற்றிவிடு. மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்பார்.

தைலம் நன்றாக வேலை செய்கிறது.

உன் அக்கா


நவம்பர் 25

மதிப்பிற்குரிய குகைக்கோயில் வழிகாட்டி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். (டீச்சர் இப்படி ஆரம்பிக்கச் சொன்னார்.)

சுற்றுலாவில் சந்தித்த ஒருவருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது எங்கள் மொழிப்பாட வேலை. எல்லாரும் உங்களுக்கு நன்றி எழுதுகிறார்கள். எனக்கு நன்றி சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை எழுதலாமா என்று கேட்டேன். மரியாதையாக எழுதினால் எழுதலாம் என்றார்.

நீங்கள் பஸ்ஸுக்கு அனுப்பிய பெண் நான்தான். நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. எனக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. கரும்பலகையும் தெரியாது, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்வேன். மூக்குக்கண்ணாடி போட்டால் பெண் பிள்ளைக்கு முகம் கெட்டுப்போகும் என்று அம்மா சொல்கிறார். அதனால்தான் சிலைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நீங்கள் கத்தியதும் எல்லாரும் சிரித்தார்கள். இப்போதும் வகுப்பில் என்னைத் தள்ளி நில்லு என்றுதான் கூப்பிடுகிறார்கள். உங்கள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குரல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நீங்கள் கண்ணு என்று கூப்பிட்ட பெண் போட்டிருந்தது என் சுவெட்டர். எனக்கு அன்றைக்குக் குளிராக இருந்தது. அவளுக்குக் கைக்கண்ணாடியும் கொடுத்தீர்கள், ஃபோட்டோவிலும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டீர்கள். ஃபோட்டோவில் நான் இல்லை.

நான் கேட்டதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை. அவ்வளவு இருட்டில் எப்படிச் செதுக்கினார்கள்?

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் அவர்கள் பாவம். (இந்த வரியை டீச்சர் அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை.)

இப்படிக்கு,
ஆறாம் வகுப்பு மாணவி


டிசம்பர் 1

அக்கா,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

சுண்டு எனக்கு எழுதியிருக்கிறாள். உனக்குத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்து உறையில் வந்திருக்கிறது, மேலே முகவரி அச்சடித்திருக்கிறது. இத்தனை வருஷமாக நீ மறைத்து வைத்த பிள்ளைக்கு நேராக எழுத ஒரு முகவரி இப்போது என் கையில் இருக்கிறது.

எனக்கு அடையாளம் தெரியாமல் போனது என் தப்பு. அதை யார் மேலும் போடமாட்டேன். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேனே, அந்தக் கையை நினைத்தால் வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. ஆனால் கண் தெரியாத பிள்ளையை அழகு கெட்டுவிடும் என்று குருடாக வைத்திருக்கிறாயே, நீயா தாய்?

எல்லாவற்றையும் அவளுக்கு எழுதப் போகிறேன். நான் யார், நீ யார், சுவெட்டர் ஏன் கைமாறியது, எல்லாம். தடுக்க முடிந்தால் தடுத்துப் பார்.

தங்கச்சி


டிசம்பர் 9

அன்புள்ள மாணவிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்தது. இதோடு நாலைந்து முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன், அதனால்தான் தாமதம்.

முதலில் உன் கேள்விக்கு வருகிறேன். அவ்வளவு இருட்டில் எப்படிச் செதுக்கினார்கள் என்று உறுதியாக யாருக்கும் தெரியாது. நாங்கள் இப்போது செய்வது போலவே வெளியிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லுவோம். எண்ணெய் விளக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் செதுக்குகிறவன் உன்னை மாதிரித்தான் பாறையில் மூக்கு உரச நின்றிருக்க வேண்டும். தள்ளி நின்றவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை. அன்றைக்கு வந்தவர்களில் சரியான கேள்வி கேட்டவள் நீ ஒருத்திதான். அதற்குப் பதில் சொல்லாமல் உன்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அது பெரிய தப்பு. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், மன்னிக்காவிட்டாலும் சரி. வகுப்பில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், அந்த கைடு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டாள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.

அடுத்தது முக்கியமானது. உனக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும். இதை நான் சொன்னதாகச் சொல்லாதே. டீச்சரிடம் கரும்பலகை தெரியவில்லை என்று நீயே போய்ச் சொல்லு, அவர் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவார். டீச்சர் சொன்னால் உன் அம்மா கேட்பார். உன் மேல் உயிரையே வைத்திருக்கிற அம்மா, உனக்கு நல்லது என்றால் செய்யாமல் இருக்கமாட்டார். மூக்குக்கண்ணாடி போட்டால் எந்த முகமும் கெட்டுப்போகாது. குளிர் நாட்களில் சுவெட்டரை யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்காதே.

கடைசியாக, எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். இல்லை. அதனால் யாரும் பாவம் இல்லை.

இப்படிக்கு,
குகைக்கோயில் வழிகாட்டி